கழி ஓரத்துல மூடிப்போன இறால் பண்ணைக் கரை, நடந்து பாத்தவங்க யாராவது இருக்கீங்களா?

கெடிலக்கரை – புதன், இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம், கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து எழுதுறேன். வீட்டுலேர்ந்தே வேலை பாத்து முதுகு போச்சு, டாக்டரு தெனம் நடங்கன்னுட்டாரு, சில்வர் பீச்சுல நடந்து நடந்து சுண்டல் விக்கிற பையனுக்கே என் ஷிப்டு நேரம் அத்துப்படி. வேற எடம் தேடி சாட்டிலைட் மேப்ப நோண்டிக்கிட்டு இருந்தப்ப வெள்ளாத்துக்கு தெக்க, கிள்ளைக்கு கெழக்கால, உப்பங்கழிய ஒட்டி பாத்தி கட்டுன மாதிரி கட்டம் கட்டமா ஒன்னு தெரிஞ்சுது, அது ஓரத்துலயே நேரா ஒரு கரை, அளந்தா 3 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல வருது. பழைய படத்துல வெள்ளைக் கோடா பாதை நல்லா தெரியுது, இப்ப உள்ள படத்துல பச்சை அப்பிக்கிட்டு கெடக்கு. யாராவது போயிருக்கீங்களா? ஷூ போதுமா? சனிக்கிழமை போலாம்னு இருக்கேன்.

கிள்ளைக்காரன் – புதன், இரவு 10.20

தம்பி நீங்க சொல்றது எங்க வீட்டுக் கொல்லைக்கு அந்தாண்ட. ஊரு பேர மட்டும் எழுதிடாதீங்க, வேற ஒரு படகுத்துறைய ஒருத்தரு வீடியோ போட்டாரு, இப்ப அங்க பாட்டில் பொறுக்கவே தனியா ஆள் வெக்கணும்.

அது இறால் பண்ணை. தொண்ணூறுகள்ல இந்தப் பக்கம் நெல்லு வெளஞ்ச நெலத்தக் கூட வெட்டி குட்டையாக்குனாங்க, அந்தக் கரையில ஐஸ் ஏத்திக்கிட்டு லாரி போகும், டவுசர் போட்ட வயசுல ஐஸ் துண்டுக்காக நாங்க பின்னாடியே ஓடுவோம். அப்புறம் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டை குட்டையா செத்து மெதந்துச்சு, 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு வேற கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள்ள இருக்கிற பண்ணையெல்லாம் எடுக்கச் சொல்லிருச்சு. அதுக்கப்புறமும் கொஞ்சம் பேரு ஓட்டிப் பாத்தாங்க, கட்டுப்படியாகல. ஆள் நடமாட்டம் நின்னுபோன கரைய வேலிகாத்தான், அதான் சீமைக்கருவேலம், சும்மா விடுமா, ஏறிக்கிச்சு. ஆடு மேய்க்கிறவங்க பாதி தூரம் போவாங்க, கழியில கையால இறால் புடிக்கிற இருளர் ஜனங்க முழுசும் போவாங்க, மத்தவங்க யாரும் போறதில்ல.

ஊர்சுத்தி_பாண்டி – புதன், இரவு 10.31

ப்ரோ நானும் வரேன், ட்ரோன் இருக்கு.

பறவைப்பைத்தியம் – வியாழன், காலை 6.10

ட்ரோன் வேணவே வேணாம்ங்க. இது பங்குனி, வெளிநாட்டு உள்ளானுங்க கெளம்புறதுக்கு முன்னாடி சேத்துல மேஞ்சு உடம்பு தேத்திக்கிற நேரம், தலைக்கு மேல ஒன்னு ரீங்காரம் போட்டா அத்தனையும் எழுந்து பறக்கும், சேத்து வெச்ச கொழுப்பு அங்கயே கரைஞ்சிடும். ஆள்காட்டி வேற இப்ப தரையில முட்டை வெக்க ஆரம்பிச்சிருக்கும், கூடுன்னு ஒன்னும் கெடையாது, நாலு கூழாங்கல்லு நடுவுல கூழாங்கல்லு மாதிரியே நாலு முட்டை. தலைக்கு மேல வந்து கத்துச்சுன்னா நின்ன எடத்துலயே காலடிய பாருங்க, அப்புறம் வந்த வழியே திரும்புங்க.

பழைய_டவுன் – சனி, மாலை 4.05

இப்பத்தான் பாக்குறேன். தம்பி, போகப்போறது இன்னிக்கா? இன்னிக்கி அமாவாசை. தயவுசெஞ்சு போகாதீங்க, கடல் ஏத்தம் பெருசா இருக்கும். காரணம் அப்புறம் எழுதுறேன், மொதல்ல பதில் போடுங்க.

பழைய_டவுன் – சனி, இரவு 8.40

தம்பி?

கெடிலக்கரை – ஞாயிறு, இரவு 9.15

இருக்கேன் சார், மன்னிச்சுக்கங்க, நீங்க எழுதுன நேரத்துல நான் ஏற்கனவே கரையில இருந்தேன், அங்க டவர் ஒரு புள்ளி கூட இல்ல. இப்ப ஒத்தக் கண்ணால பாத்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. நீளமா போகும்.

நானும் என் மச்சானும் சனிக்கிழமை சாப்புட்டுட்டு ரெண்டரைக்கு எறங்குனோம். காலையில போயிருக்கணும், மச்சானுக்கு வண்டி சர்வீஸ் விடுற வேலை இருந்துச்சு, அதான் லேட்டு. மொத அரை கிலோமீட்டர் சுகமான நடை, ஆட்டுப் புழுக்கையா கெடக்கு, ரெண்டு பக்கமும் உமரி பச்சையும் செவப்புமா கம்பளம் விரிச்ச மாதிரி, ஒரு கிள்ளு வாயில போட்டுப் பாத்தேன், உப்புல ஊறப்போட்ட கொத்தவரங்கா மாதிரி நறுக்குன்னு இருக்கு. அதுக்கு மேல வேலிகாத்தான் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்து மேல கூடிக்கிச்சு, குனிஞ்சே போகணும், முதுகுக்காக நடக்கப் போன எனக்கு இது தேவையான்னு மச்சான் சிரிக்கிறான். முள்ளு ஷூ அடியக் குத்தி உள்ள வருது, நின்னு நின்னு புடுங்கி எறிஞ்சுட்டு போனோம். அதுக்காகத்தான் அருவா கொண்டு போனேன், நான் தான் ஆர்வக்கோளாறு, பாதைய கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டே போனா அடுத்து வர்றவங்களுக்கு ஆகும்னு ஒரு நெனப்பு.

பாதி தூரத்துல கரை உடைஞ்சு கெடக்கு, ஒரு இருபது அடி அகலம் இருக்கும், கழித் தண்ணி அது வழியா பழைய குட்டைக்குள்ள போயிட்டு வருது. மூணேகால் மணிக்கு முட்டியளவு தண்ணி, கடந்துட்டோம். அந்தாண்ட வேலிகாத்தான் கொறஞ்சு வேற செடிங்க. கத்தாழை மாதிரி முள்ளு வெச்ச எல ஒன்னு, தொடையெல்லாம் கீறல். அப்புறம் பளபளன்னு எலயோட கொழுகொழுன்னு ஒரு மரம், நாலஞ்சு எல மட்டும் ரத்தச் செவப்பு, பாக்க அழகா இருந்துச்சு, ஆனா ஒரு கிளை பாதைய மறிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒரு போடு போட்டேன். பால் தெறிச்சுது, வெள்ளையா, எருக்கம்பால் மாதிரி. மொகத்துல ரெண்டு சொட்டு, வலது கண்ணுல ஒன்னு.

அந்த எரிச்சல எப்படி சொல்றது, மொளகா அரைச்ச கையால கண்ண தேச்சா வருமே அத பத்தால பெருக்கிக்கங்க. கொண்டு போன ரெண்டு லிட்டர் குடிதண்ணி பூரா கண்ணுலயே ஊத்துனான் மச்சான். ஒன்றரை மணி நேரம் அங்கயே கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். கடைசி வரைக்கும் போகவே இல்ல. கடல் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

திரும்பி உடைப்புக்கு வந்தா மணி ஆறு தாண்டிருச்சு. முட்டியளவு இருந்த தண்ணி தொடைக்கு மேல ஏறி உள்ள பாஞ்சுக்கிட்டு இருக்கு, இருட்டு வேற கட்டுது. நடுவுல எறங்குனேன், மூணாவது அடியில வலது கால் உளையில போயிடுச்சு. இழுத்தா இன்னும் உள்ள போகுது, கீழேர்ந்து ஒருத்தன் கணுக்கால புடிச்சு உறிஞ்சுற மாதிரி. மச்சான் கத்துறான். அப்ப பக்கத்துல தண்ணிய யாரோ பட்டு பட்டுன்னு கையால தட்டுற சத்தம். பாத்தா ஒரு அம்மா, கழுத்தளவு தண்ணியில குந்தி இருக்காங்க, ஓலையில பின்னுன பறிய பல்லால கடிச்சு புடிச்சிருக்காங்க, ரெண்டு கையும் சேத்துக்குள்ள. வாயில பறி இருக்கிறதால பேச முடியாது, மோவாய ஆட்டி ஆட்டி ஓரமா காட்டுறாங்க. அந்த ஓரத்துல குச்சி குச்சியா வேர் நீட்டிக்கிட்டு இருக்கு. சாஞ்சு படுத்த மாதிரி ஆகி, கால ஆட்டி ஆட்டி உருவி, ஷூவ அங்கயே விட்டுட்டு, வேர் மேல கால வெச்சேன், குத்துது ஆனா எறங்கல, கல்லு மாதிரி நிக்குது. அப்படியே ஓரமாவே சுத்தி வந்து கரை ஏறிட்டோம்.

ஏறுனதும் அந்த அம்மா பறிய வாயிலேர்ந்து எடுத்துட்டு என் கையில இருந்த அருவாள பாத்தாங்க. "இத எதுக்குய்யா தூக்கியாந்தீங்க, இங்க என்ன கரும்பா போட்டிருக்கு?"ன்னாங்க. பதில் சொல்ல தெரியல.

ராத்திரியே கண் டாக்டர்கிட்ட போயிட்டேன். கருவிழி மேல்தோல் கொஞ்சம் போயிருக்காம், சொட்டு மருந்து, நாலு நாள் ஸ்கிரீன் பாக்கக் கூடாதுன்னாரு, இத படிச்சா திட்டுவாரு.

வெட்டிவேர் – ஞாயிறு, இரவு 10.02

ஐயோ தம்பி. நீங்க வெட்டுனது தில்லை. சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேரு வந்ததே இந்த மரத்தால தான், நடராஜர் கோயிலோட தல மரம், டவுனுக்குள்ள இப்ப தில்லைக்காடு ஏது, பிச்சாவரம் பக்கம் தான் பாக்கணும். இங்கிலீஷ்லயே இதுக்கு கண்ண குருடாக்குற மரம்னு தான் பேரு, வெளையாட்டில்ல. உடனே தண்ணி ஊத்துனது தான் உங்கள காப்பாத்துச்சு, மச்சானுக்கு பிரியாணி வாங்கிக் குடுங்க. எல ஒன்ன கிள்ளுனாலே காம்புல பால் வரும், உதிரப்போற எல செவக்கும், அத வெச்சு கண்டுபுடிக்கலாம். தெரியாத மரத்த கழி ஓரத்துல தொடவே தொடாதீங்க. நான் காலேஜ் புள்ளைங்கள கூட்டிட்டு போறப்ப மொத பாடமே இதான்.

கீறுனது கழுதைமுள்ளி. நீங்க கால் வெச்சு தப்பிச்சது வெண்கண்டலோட, அதான் அலையாத்தி மரத்தோட, மூச்சு வேர். சேத்துக்குள்ள காத்து போகாது, அதனால வேர் மேல நோக்கி வளந்து வெளிய வந்து மூச்சு வாங்குது, அடியில பாய் பின்னுன மாதிரி படர்ந்திருக்கும், அதான் ஆள தாங்குது. அந்த மரத்து எலய திருப்பிப் பாத்தா அடிப்பக்கம் சாம்பல் பூத்திருக்கும், மேல நக்கிப் பாத்தா உப்பு. வேர்ல ஒட்டிக்கிட்டு இருக்கிற சிப்பி கால அறுத்திருந்தா அலட்சியமா விடாதீங்க, நல்ல தண்ணியில கழுவி டிடி ஊசி போட்டுக்கங்க, ரெண்டு நாள்ல வீங்கி செவந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, உப்புத்தண்ணி காயம் வேகமா சீழ் வெக்கும்.

ஊர்சுத்தி_பாண்டி – ஞாயிறு, இரவு 10.20

ப்ரோ கெட் வெல் சூன். நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாரும் சேந்து கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தா என்ன, அந்த உடைப்ப அடைச்சு, முள்ள பொக்லைன் வெச்சு வாரி, கரைய செப்பனிட்டா சூப்பர் நடைபாதை ஆகும், நாலு பேருக்கு பொழப்பும் வரும்.

வெட்டிவேர் – ஞாயிறு, இரவு 10.55

கொஞ்சம் பொறுங்க. அந்த உடைப்பு தான் அந்த எடத்துக்கே உயிர். தம்பி எழுதுனத இன்னொரு தடவ படிங்க, உடைப்புக்கு இந்தாண்ட பூரா வேலிகாத்தான், உடைப்பு ஓரத்துலயும் அந்தாண்டயும் வெண்கண்டல், கழுதைமுள்ளி, தில்லை. ஏத்தத் தண்ணி போயிட்டு வர்ற எடத்துல மட்டும் கண்டல் தானா மொளைச்சிருக்கு, வெதை தண்ணியில மெதந்து வந்து ஒக்காந்திருக்கு, யாரும் நடல.

பிச்சாவரத்துலயே இந்த கதை நடந்திருக்கு. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து 1970கள் வரைக்கும் காட்ட கூறு போட்டு கூறு கூறா மொட்டையடிச்சு வெட்டுனாங்க, வெறகுக்கு. மரம் போன எடத்துல வெயில் நேரா பட்டு சேறு காஞ்சு, தரை எறங்கி தட்டு மாதிரி பள்ளமாயிடுச்சு. ஏத்தத்துல உள்ள வந்த தண்ணி வத்தத்துல வெளிய போகல, அங்கயே நின்னு சுண்டி சுண்டி உப்பு ஏறிப்போச்சு, வெச்ச கன்னெல்லாம் செத்துச்சு. தொண்ணூறுகள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் ஜனங்களும் சேந்து மீன்முள்ளு மாதிரி வாய்க்கா வெட்டுனாங்க, நடுவுல ஒரு பெரிய வாய்க்கா, ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்கா, தண்ணி உள்ள வந்து அதே வழியா வெளிய போகுற மாதிரி. அதுக்கப்புறம் தான் காடு திரும்புச்சு. ஆள் வெச்சு அவங்க செஞ்சத உங்க கரையில வெள்ளமோ புயலோ சும்மா செஞ்சு குடுத்துட்டு போயிருக்கு. அத அடைச்சா ரெண்டே வருஷத்துல உள்ள இருக்கிற கண்டலு காயும், வேலிகாத்தான் அங்கயும் எறங்கும்.

கிள்ளைக்காரன் – திங்கள், காலை 7.30

வெட்டிவேர் அக்கா சொல்றது நெசம். அந்த கரை உடைஞ்சது 2015 வெள்ளத்துல. மொத நாலு வருஷம் ஒன்னும் இல்ல, அப்புறம் பாத்தா முழங்கால் ஒசரத்துக்கு கன்னுங்க. இப்ப குட்டைக்குள்ள இறாலும் நண்டும் திரும்ப வருது, அந்த அம்மா அங்க குந்தி இருந்ததே அதனால தான், பண்ணை ஓடுன காலத்துல அவங்கள கரையில கால் வெக்க விட்டிருப்பாங்களா, நாய் தான் வரும். உடைப்ப அடைக்கணும்னு மனு போட்டீங்கன்னா மொதல்ல அவங்க வயித்துல அடிப்பீங்க.

வேலிகாத்தான் வேணும்னா வெட்டிக்கங்க, அதுவும் வெறகு வெட்டுறவங்க கிட்ட சொன்னா அவங்களே வந்து வெட்டிக்குவாங்க, அவங்களுக்கு கரி போட ஆகும். இன்னொன்னு, கரை முடிவுக்கு அந்தாண்ட காப்புக்காடு, அனுமதி இல்லாம கால் வெக்காதீங்க.

ஊர்சுத்தி_பாண்டி – திங்கள், காலை 8.12

ஓகே ஓகே மனு வாபஸ். ஆனா சுனாமியப்ப அலையாத்தி காடு தான் ஊர்கள காப்பாத்துச்சுன்னு படிச்சிருக்கேனே, அப்ப கரை ஓரம் பூரா நட்டு விட்டுடலாமே?

வெட்டிவேர் – திங்கள், மதியம் 1.40

அது அவ்ளோ லேசான கணக்கு இல்ல. 2005-ல பரங்கிப்பேட்டை கரையோரத்துல 18 குப்பத்த எடுத்து கதிரேசனும் ராஜேந்திரனும் எழுதுனாங்க, காடு இருந்த எடத்துல உயிர்ச்சேதம் கம்மின்னு. அடுத்த வருஷமே வேற சில பேரு அதே கணக்க எடுத்து போட்டுப் பாத்துட்டு, ஊரு எவ்ளோ மேட்டுல இருக்கு, கடல்லேர்ந்து எவ்ளோ தள்ளி இருக்கு, இத கழிச்சுட்டு பாத்தா காட்டோட பங்கு தனியா நிக்கலன்னு சொன்னாங்க. எனக்கு காடு பிரியம் தான், அதுக்காக இல்லாதத ஏத்திச் சொல்ல மாட்டேன். அலையோட வேகத்த கொறைக்கும், மண்ண புடிச்சு வெக்கும், மீன் குஞ்சுக்கு தொட்டில். அதுவே போதாதா?

கிள்ளைக்காரன் – திங்கள், மதியம் 2.05

நான் படிக்காதவன், ஆனா சுனாமியில அழிஞ்ச எம்ஜிஆர் திட்டு ஊரு எங்க இருந்துச்சுன்னு தெரியும். காட்டுக்கு முன்னாடி, கடலுக்கும் கழிக்கும் நடுவுல மணல் மேட்டு மேல. காடு முதுகுக்குப் பின்னாடி இருந்தா எப்படி காப்பாத்தும். இப்ப அங்க யாரும் குடியில்ல, இடிஞ்ச செவுரு தான் நிக்குது. இதுக்கு மேல இத பத்தி நான் எழுதல.

பழைய_டவுன் – திங்கள், இரவு 7.45

தம்பி, கண்ணு எப்படி இருக்கு? அன்னிக்கி சொல்ல வந்தத இப்ப சொல்றேன். எங்க அப்பா முதுநகர்ல தோணி வெச்சிருந்தவரு, அவரு கிட்ட காலண்டர்ல தேதி கேக்க மாட்டோம், திதி தான் கேப்போம்.

நம்ம கரையில அமாவாசை பௌர்ணமின்னா சுமாரா காலையில எட்டு ஒம்பது வாக்குல ஏத்தம், மத்தியானம் மூணு வாக்குல வத்தம், திரும்ப ராத்திரி ஏத்தம். கழிக்குள்ள அது இன்னும் கொஞ்சம் பிந்தி வரும். நீங்க மூணேகாலுக்கு கடந்தீங்க, அது நல்லா வத்துன நேரம், ஆறு மணிக்கு அது பாதிக்கு கிட்ட ஏறிடுச்சு, அதுவும் மாசத்துலயே பெரிய ஏத்தம். இந்த கரையில மொத்த ஏத்தமே ஒரு மீட்டருக்குள்ள தான், மும்பை மாதிரியெல்லாம் இல்ல, ஆனா தரை தட்டையா இருக்கிற எடத்துல அரை மீட்டரே வழிய மறைச்சுடும். தெனம் அம்பது நிமிஷம் தள்ளித் தள்ளி போகும். அதனால ஒரு வாரம் கழிச்சு அஷ்டமி நவமி வர்றப்ப பாத்தீங்கன்னா காலையில எட்டரை ஒம்பதுக்கு வத்தம், மத்தியானத்துக்கு மேல தான் ஏத்தம், அதுவும் சோம்பேறி ஏத்தம், பாதி கூட ஏறாது. ஊர்ல நல்ல காரியம் எதுவும் அஷ்டமி நவமியில ஆரம்பிக்க மாட்டோம், கழியில நடக்க மட்டும் அதான் நல்ல நாளு. ஐப்பசி கார்த்திகையில இந்த கணக்கெல்லாம் செல்லாது, வெள்ளாத்துல மேல்தண்ணி வந்துட்டா திதி பாத்து ஒரு பிரயோஜனமும் இல்ல.

பறவைப்பைத்தியம் – திங்கள், இரவு 8.20

சார் இத தனியா ஒரு பதிவா போடுங்க, பத்து வருஷமா கழி கழியா சுத்துறேன், போன்ல ஆப்ப பாத்து தான் போவேன், அஷ்டமி கணக்கு எனக்கு யாரும் சொன்னதில்ல. பாம்பு பத்தி யாரும் பேசலயே? வேலிகாத்தான் அடியில காஞ்ச சருகுல கண்ணாடி விரியன் இருக்கும், குனிஞ்சு போற எடத்துல குச்சியால தட்டிட்டு போங்க. கடிச்சா கட்டு போடாதீங்க, அறுக்காதீங்க, ஆட்டாம அசைக்காம 108-ல ஏத்தி வெஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு.

கெடிலக்கரை – செவ்வாய், இரவு 9.00

கண்ணு தெளிஞ்சுடுச்சு, நன்றி எல்லாருக்கும். கால்லயும் ரெண்டு எடத்துல சிப்பி அறுத்திருந்துச்சு, ஊசி போட்டுட்டேன் அக்கா. காலண்டர பாத்தேன், வர்ற ஞாயித்துக்கிழமை நவமி. காலையில ஏழு மணிக்கு கிள்ளை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை, வர்றவங்க சொல்லுங்க. அந்த அம்மாவ பாத்தா குடுக்கலாம்னு ஒரு டார்ச் லைட்டு வாங்கி வெச்சிருக்கேன், தலையில மாட்டுறது, கையும் வாயும் ரெண்டும் வேலையா இருக்கிறவங்களுக்கு அதான் ஆகும்னு தோணுச்சு.

கிள்ளைக்காரன் – செவ்வாய், இரவு 9.25

நான் வரேன், உடைப்புக்கு குறுக்க போட ஒரு பனந்துண்டு கேட்டு வெச்சிருக்கேன், தண்ணி அடியில பாட்டுக்கு போகட்டும், தூக்க நாலு ஆள் வேணும். லைட்ட நீங்களே குடுங்க, அந்த அக்கா எங்க தெருவுக்கு அடுத்த நகர்ல தான் இருக்கு. உங்க ஷூவ எடுத்து வெச்சிருக்காம், ஒத்த ஷூவ வெச்சு என்ன பண்றதுன்னு நேத்து எங்கிட்டயே கேட்டுச்சு.

ஊர்சுத்தி_பாண்டி – செவ்வாய், இரவு 9.31

நான் ரெடி, ட்ரோன் இல்லாம. அருவா ஏதாவது எடுத்துட்டு வரணுமா?

வெட்டிவேர் – செவ்வாய், இரவு 9.33

தண்ணி கேன் எடுத்துட்டு வாங்க. ரெண்டு.